கடலடியில் ஒரு கைவிளக்கு

இரவில் கடலுக்கு அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. பல்கலைக்கழக இறுதியாண்டு விடுமுறையில், பெர்ஹெந்தியான் தீவில் அந்த ஆசை நிறைவேறியது. உடன் வந்தவர் எங்கள் மூத்த மாணவரான ஓர் அண்ணன். "இன்னொரு டார்ச் லைட் எங்கே தம்பி?" என்று அவர் கேட்டபோது, "இது புதுசுதான் அண்ணே, ஒன்று போதும்" என்று சொல்லிவிட்டேன். ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் அந்தப் புது விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்து போனது. என் கையே எனக்குத் தெரியவில்லை. அண்ணன் தம் மேலங்கியில் மாட்டியிருந்த இரண்டாவது விளக்கை எடுத்து என் கையில் வைத்தார். அன்று கற்ற பாடமே இக்கட்டுரை.

முக்குளிப்பவருக்கு விளக்கு எதற்கு? நீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கி, பவளப்பாறைகள் நீலமும் சாம்பலுமாகத் தோன்றும். அருகில் ஒளியைப் பாய்ச்சினால் உண்மை நிறம் திரும்பிவிடும். ஆகவே பகலிலும் விளக்கு பயன்படும். இரவிலோ அதுவே நம் கண், வாயும் அதுவே. ஒளியால் வட்டம் வரைந்தால் 'நலம்' என்று பொருள். இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினால் 'ஆபத்து' என்று பொருள். விளக்கு அணைந்தால் பார்வையோடு பேச்சும் போய்விடுகிறது.

கடையில் முதலில் நம் கண்ணில் படுவது லூமன் எண்தான். அது மொத்த ஒளியின் அளவு மட்டுமே. ஒளி எப்படிப் பரவுகிறது என்பதைக் கற்றையின் கோணமே சொல்லும். சுமார் 10 பாகை கொண்ட குறுகிய கற்றை தூரம் செல்லும், சைகைக்கும் ஏற்றது. 100 பாகை அளவுள்ள அகன்ற கற்றை காணொளி எடுப்பவர்களுக்கு உரியது. கலங்கிய நீரில் அகன்ற ஒளி மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பி, மூடுபனியில் காரின் முன்விளக்கை உயர்த்திப் போட்டதுபோல் கண்ணை மறைக்கும். முதல் விளக்கு வாங்குபவருக்குக் குறுகிய கற்றையும் சுமார் 1000 லூமனும் போதும்.

அடுத்தது மின்கலம். ஒரு முக்குளிப்பு 45 முதல் 60 நிமிடம் வரை நீளும். முழு ஒளியில் அதைவிடக் கூடுதலான நேரம் எரியுமா என்று கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் மங்கலாக எரிவதையும் சேர்த்ததாக இருக்கலாம். உதிரி லித்தியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

'நீர் புகாது' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை மீட்டர் வரை என்று பாருங்கள். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். 100 மீட்டர் தாங்கும் விளக்கு நிம்மதி தரும். ஒரு கையாலேயே இயக்கக்கூடிய விசையும், மணிக்கட்டில் மாட்டும் கயிறும் அவசியம்.

மறுநாள் காலை என் விளக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே உப்புநீர். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி! குறை விளக்கில் இல்லை. மூடும்போது வளையத்தைக் கவனிக்காத என்னிடம்தான். வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் பசை தடவி, முடியோ மணலோ இல்லை என்று பார்த்த பிறகே மூட வேண்டும். கடலிலிருந்து வந்ததும் விளக்கை மூடியபடியே நன்னீரில் ஊறவைக்க வேண்டும்.

மாணவர்களின் கையில் பணம் குறைவு என்பதை நானறிவேன். இருக்கும் பணத்தை எல்லாம் ஒரே விளக்கில் போடாதீர்கள். நடுத்தர விலையில் ஒன்றும், பத்திரமாக மேலேறி வர உதவும் சிறியது ஒன்றும் வாங்குங்கள். இன்று என்னோடு இறங்கும் தம்பி தங்கைகளிடம் அண்ணன் கேட்ட அதே கேள்வியை நான் கேட்கிறேன். "ஒன்று போதும்" என்பவரைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறேன்.