தென்னை மரத்தில் ஏறாமல் அளப்பது

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். சூட்டில் எஃகு நீண்டால் கணக்கு தப்பிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் பிடித்தார்கள். மொத்த தூரம் ஏழரை மைல். சங்கிலியை ஏறத்தாழ 400 முறை எடுத்து வைத்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

அவ்வளவு பாடும் முக்கோணத்தின் ஒரே ஒரு பக்கத்துக்காக. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் கையில் இருந்தால் மற்ற இரண்டு பக்கங்களைச் சைன் அட்டவணை சொல்லிவிடும். பிறகு காட்டிலும் ஆற்றிலும் சங்கிலி இழுக்க வேண்டாம். கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஓர் உச்சியில் ஏற்றி அடுத்த உச்சியைப் பார்த்தால் போதும். காவிரிச் சமவெளியில்தான் சிக்கல் வந்தது. மலை இல்லை, தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. கோயில்களின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார்.

பிற்பாடு எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டதும் இதே வழியில்தான். அந்தக் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தர். அப்போது சிகரத்தில் யாரும் கால் வைத்திருக்கவில்லை.

இந்தக் கதையின் வாரிசுதான் பத்தாம் வகுப்பு முக்கோணவியல். ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணம் 30° என்று கணக்கு ஆரம்பிக்கும். விளக்கும் கிடையாது, படகும் கிடையாது. கோணத்தை எந்த மூலையில் குறிப்பது என்ற இடத்திலேயே வயிறு கலங்கிவிடும். விடை சரியா என்பதைச் சொல்ல ஆசிரியரின் சிவப்பு மை வர வேண்டும்.

அந்தக் கலக்கத்தை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கணக்கு போடும்போது இடைநிலை எண்களைப் பிடித்து வைத்துக்கொள்ள மூளையில் இருக்கும் இடம் கொஞ்சம்தான். 'தப்பாப் போச்சுன்னா?' என்ற கவலை அதிலும் பங்கு கேட்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயன் லயன்ஸும் சியான் பைலாக்கும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. கணக்குப் பயம் அதிகமுள்ளவர்களுக்கு, கணக்கு வரப்போகிறது என்று தெரிந்ததுமே உடல் வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி இல்லை. ஊசியைவிட, ஊசிக்கு வரிசையில் நிற்பதுதான் வலி. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைத் தாளில் எழுதிக் கொட்டியவர்கள் மேலான மதிப்பெண் எடுத்ததாக பைலாக்கும் ஜெரார்டோ ராமிரெஸும் 2011இல் காட்டினார்கள்.

எழுதிக் கொட்டுவது தேர்வு நாளுக்கு உதவும். மற்ற நாட்களுக்குப் பள்ளி மைதானத்துத் தென்னை இருக்கிறது.

ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை ஒட்ட வேண்டும். நடுப்புள்ளியிலிருந்து நூலில் கட்டிய கல்லைத் தொங்கவிட வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு போலத்தான். ஸ்ட்ரா வழியாக மர உச்சியைப் பார்த்தபடி, நூல் 45இல் நிற்கும்வரை பின்னால் நகர வேண்டும். மரத்தடி அங்கிருந்து 10 மீட்டர் என்றால், டேன் 45°யின் மதிப்பு 1 என்பதால் கண்மட்டத்துக்கு மேல் மரமும் 10 மீட்டர். தரையிலிருந்து கண் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் மொத்தம் 11.4. கண் உயரத்தைக் கூட்ட மறப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

இப்போது 12 மீட்டருக்குத் தள்ளிப்போய் மறுபடி பார்த்தால் நூல் 50 காட்டுகிறது. ஸ்ட்ரா கிடையாக இருந்தால் நூல் 90இல் நிற்கும் என்பதால், 90இலிருந்து 50ஐக் கழிக்க, ஏற்றக்கோணம் 40°. டேன் 40° 0.839, அதை 12ஆல் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டினால் 11.47. இரண்டு இடம், இரண்டு கோணம், ஏறத்தாழ ஒரே விடை. யாரும் டிக் அடிக்க வேண்டியதில்லை. லாம்டனும் இப்படித்தான் 1804இல் பெங்களூரு அருகே இன்னொரு நேர்கோட்டைத் தரையில் அளந்து, முக்கோணங்கள் வழியே வந்த நீளத்தோடு ஒத்துப் பார்த்தார்.

மிச்சம் 7 சென்டிமீட்டர். நூல் காற்றில் ஆடியதா, டேப் தொய்ந்ததா, கீற்றின் நுனியைப் பார்க்காமல் குருத்தைப் பார்த்தார்களா என்று வாக்குவாதம் கிளம்பும்போது அடுத்த பீரியட் மணி அடித்துவிடுகிறது.