மூன்று கிலோவும் பத்தாயிரம் டன்னும்

கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1000 மெகாவாட். முழுவீச்சில் ஓடும் நாளில் அதற்குள் பிளவுபடும் அணுக்களின் மொத்த எடை சுமார் 3 கிலோதான். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி என்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். ஏன் இவ்வளவு வேறுபாடு?

நிலக்கரி எரியும்போது கார்பனும் ஆக்சிஜனும் சேர்கின்றன. இடம் மாறுவது வெளிவட்ட எலக்ட்ரான்கள் மட்டுமே, உட்கரு அசைவதில்லை. ஒரு கார்பன் அணுவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட். யுரேனியம்-235இல் நியூட்ரான் மோதினால் உட்கருவே இரண்டாகிறது. இரண்டு துண்டுகளுக்கும் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அசுர வேகத்தில் பறக்கின்றன. அந்த வேகமே வெப்பமாகிறது. ஒரு பிளவுக்குச் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட்!

அதன்பின் இரண்டு நிலையங்களுக்கும் வேலை ஒன்றே: நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது.

கழிவில்தான் பாதை பிரிகிறது. 1 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அணுக்கழிவு கொஞ்சம்தான்; ஆனால் உலையை நிறுத்திய பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். என்னை அஞ்சவைப்பது இந்த மிச்ச வெப்பமே. 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே உலைகள் நின்றுவிட்டன. குளிரூட்டத் தேவையான மின்சாரத்தை ஆழிப்பேரலை பறித்ததால்தான் எரிபொருள் உருகியது.