“அங்க போய் மாத்திக்கலாம் தம்பி!”

“முதல்ல டூரிஸ்ட்ல போயிடு தம்பி. பெர்மிட்டை அங்க போய் மாத்திக்கலாம்.”

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று சென்னையின் மேற்குப் புறநகரில் எங்கே போனாலும், வெளிநாட்டு வேலை தேடும் இளைஞர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டையும் சுற்றி லேத் பட்டறைகள், ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள், ஐ.டி.ஐ.கள். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரும் பைப் ஃபிட்டரும் தெருவுக்கு நாலு பேர் கிடைக்கும் பகுதி இது. ஏஜென்ட்டுகள் இங்கே வலை விரிப்பதில் ஆச்சரியம் இல்லை.

போகும்போது ஏமாறுவது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. போன பிறகு, விசா முடியும் நாள் நெருங்கும்போது நடப்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. “எக்ஸ்டென்ஷன் நான் போட்டுத் தர்றேன்” என்று ஒருவர் வருவார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டில் தங்கும் காலத்தை ஒரே ஒரு நாள் நீட்டிக்கக்கூட அந்த நாட்டு அரசுக்கு மட்டும்தான் அதிகாரம். விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாக ஏஜென்சி இருக்கலாம். அதற்கு மேல் அதன் கையில் எதுவும் இல்லை.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் அங்கே தங்கலாம். சுற்றிப் பார்க்கத்தான் இந்தச் சலுகை. வேலை பெர்மிட் வேண்டுமானால் முதலாளி முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். தொழிலாளி இந்தியாவில் இருக்கும்போதே விசா கிடைத்திருக்க வேண்டும். ஏஜென்ட் சொல்லும் ‘மாத்திக்கலாம்’ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட்டில் மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி தேவை. சுற்றுலாப் பயணத்துக்கு அது தேவையில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் டம்மி ரிட்டர்ன் டிக்கெட்டோடு ஆட்களை ஏற்றிவிடுகிறார்கள்.

முப்பது நாள் முடியப்போகிறது. முதல் தடவை ‘எக்ஸிட் அடிக்க’, அதாவது வெளியேறி மறுபடி நுழைந்து புது முத்திரை வாங்க, பஸ்ஸில் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வருவார்கள். ஒருமுறை நடக்கும், இரண்டாவது முறையும் நடக்கலாம். அடுத்த தடவை எல்லையில் இருக்கும் அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இங்கே என்ன செய்கிறாய்?” என்று கேட்பார். அதன் பிறகு ஏஜென்ட் வேறு வழி சொல்வார்: “நீ வர வேணாம், பாஸ்போர்ட்டை மட்டும் குடு.” பாஸ்போர்ட் மட்டும் பயணம் போய் முத்திரையோடு திரும்பி வரும். ‘பறக்கும் பாஸ்போர்ட்’ என்று மலேசியக் குடிநுழைவுத் துறையே பெயர் வைத்து வேட்டையாடும் மோசடி இது. காகிதத்தில் முத்திரை பளிச்சென்று இருக்கும். கணினியில் அந்த நாளில் அந்த ஆளின் கைரேகை இருக்காது. சாலையில் நடக்கும் சாதாரணச் சோதனையில்கூட இது தெரிந்துவிடும். முத்திரை வாங்கித் தந்தவரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

காலம் கடந்து தங்கினால் மலேசியச் சட்டப்படி குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அதாவது சுமார் 2 லட்சம் ரூபாய், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டவிரோதமாக நுழைந்ததாக வழக்கு வந்தால் 6 வரை பிரம்படியும் உண்டு. எல்லாம் பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பவருக்குத்தான். பணம் வாங்கியவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

பொது மன்னிப்புக் காலங்கள்தான் இடைத்தரகர்களுக்கு அறுவடை. ஆவணம் இல்லாதவர்களைப் பதிவு செய்து பெர்மிட் தர 2016 பிப்ரவரி முதல் 2018 ஜூன் 30 வரை மலேசியா ஒரு திட்டம் நடத்தியது. பதிவு வேலை தனியார் நிறுவனங்களிடம் போனது. அவற்றின் கீழே துணை ஏஜென்ட், அவருக்குக் கீழே ஒருவர், கடைசியில் ஹோட்டல் சமையலறை வரை வந்து பணம் வசூலித்த ஓர் ‘அண்ணன்’. கட்டியவர்கள் கையில் ஒரு ஸ்லிப் இருந்தது. “பிராசஸ்ல இருக்கு” என்ற பதில் மாதக்கணக்கில் வந்தது. 2018 ஜூலை 1 அன்று பெரிய அளவில் தேடுதல் தொடங்கியபோது, பாஸ் இல்லாமல் ஸ்லிப்பை மட்டும் வைத்திருந்தவர்களும் கள்ளக் குடியேறிகள் கணக்கில்தான் சேர்ந்தார்கள். ‘பிராசஸ்’ ஓடிய மாதங்களிலும் தங்கிய நாள்கள் கூடிக்கொண்டேதான் இருந்தன. என் பார்வையில், போன பணத்தைவிட இந்த நாள் கணக்குதான் பெரிய நஷ்டம்.

துபாயில் வேறு கூத்து. அங்கே விசிட் விசாவுக்கு டிராவல் ஏஜென்சியே ஸ்பான்சராக இருப்பது சகஜம். வந்தவர் நாள் கடந்து தங்கினால் ஏஜென்சிக்கும் சிக்கல். ஆகவே அதுவே முந்திக்கொண்டு, இவர் தலைமறைவு என்று புகார் கொடுத்துவிடும். ‘அப்ஸ்காண்ட்’ விழுந்துவிட்டது என்பார்கள். அதை எடுக்க அதே ஏஜென்சிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அரசுக்குக் கட்டும் அபராதம் நாளொன்றுக்கு 50 திர்ஹாம். மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். முன்பு விசிட் விசாக்காரர்களைக் கமுக்கமாக வேலைக்கு வைத்த கம்பெனிகளும் இப்போது தயங்குகின்றன: பெர்மிட் இல்லாதவரை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டம் இறுகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொது மன்னிப்பு இருந்தது. அபராதமும் இல்லை, மறுபடி வரத் தடையும் இல்லை. அப்போதும் “நான் முடிச்சுத் தர்றேன்” என்று சொல்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அங்குள்ள அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியிருந்தது.

நம்மூர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு செய்யாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.; ரசீதும் தர வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆம், இரண்டாயிரம்தான்! லட்சக்கணக்கில் வசூலிப்பவர் எதற்குப் பயப்படப் போகிறார்?

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அது இருக்கும் கிண்டிக்கு ஒரு பஸ்தான். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் முறையான அனுமதியோடு போகிறவருக்கு, 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கிறது. டூரிஸ்டாகப் போய் வேலை செய்யும் இடத்தில் விபத்து நடந்தால், அந்தக் காப்பீட்டுக்கு வீட்டார் உரிமை கோர முடியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு? பாஸ்போர்ட்டை முதலாளியோ ஏஜென்ட்டோ பிடுங்கி வைத்திருந்தால், மலேசியாவில் அதுவே தனிக் குற்றம். இந்தியத் தூதரகத்தில் முறையிட்டால் ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிஃபிகேட் தருவார்கள்; நம் ஆட்கள் அவுட்பாஸ் என்பது அதைத்தான். மலேசியாவில் 2024-இல் நடந்த திருப்பி அனுப்பும் திட்டம் 2025 மே 19 அன்று மீண்டும் தொடங்கியது. நாள் கடந்து தங்கியவர் 500 ரிங்கிட், அதாவது பத்தாயிரம் ரூபாய் அளவில் கட்டிவிட்டு, வழக்கில்லாமல் விமானம் ஏற அது வழி செய்தது. இடையில் எந்த ஏஜென்சியையும் நியமிக்கவில்லை என்று குடிநுழைவுத் துறை திரும்பத் திரும்பச் சொன்னது. 2024-இல் கட்டணத்தைக் கவுன்டரில் கார்டு அல்லது இ-வாலட்டில் மட்டுமே வாங்கினார்கள். ஆவடியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, “உங்க பையனுக்கு அவுட்பாஸ் ரெடி, ரொக்கமா ஒன்றரை லட்சம் கொடுத்து அனுப்புங்க” என்கிறவர் எந்த அரசுக்காகவும் பேசவில்லை.