புளிக்கு ஒரு மாதம், புடவைக்கு ஒரு மாதம்

சிக்கனமாக வாங்குவது என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தீபாவளித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி, இணையக் கடைகளின் திருவிழா விற்பனை. இவை எல்லாமே விற்பவர் குறித்துத் தரும் நாட்கள். ஒரு பொருள் உண்மையில் மலிவது இரண்டு சமயங்களில்தான்: அது மிகுதியாக விளைந்து வரும்போது, அல்லது ஊரார் அதை வேண்டாமென்று ஒதுக்கும்போது. இந்த இரண்டையும் கவனித்து வாங்கும் வீட்டில், தள்ளுபடிப் பலகையை நம்பி வாங்கும் வீட்டைவிட அதிகம் மிஞ்சும் என்பது என் கட்சி.

மளிகையில் இது வெளிப்படை. தை முதல் சித்திரை வரையிலான நான்கு மாதங்களில் சமையலறையின் அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் சந்தைக்கு வந்துவிடுகிறது. சம்பா அறுவடை முடிந்து புது நெல் வருவது தை, மாசியில். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காடுகளின் மல்லியும் ஏறத்தாழ அப்போதே வரும். மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் அறுத்த துவரை, உடைபட்டுப் பருப்பாக நம் கடையை எட்ட மாசியாகிவிடும். பிறகு ஈரோட்டு மஞ்சள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் புளி, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய். வருஷச் சாமான் வாங்கிப் போட்ட தலைமுறை வெயிலையும் சேர்த்தே கணக்குப் பார்த்தது. சரக்கு மலியும் அதே மாதங்களில் அதைக் காயவைக்க மொட்டைமாடி வெயில் காசில்லாமல் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் வாங்கும் வற்றலுக்கு அந்த வசதி இல்லை. கொட்டை நீக்கிக் கல்லுப்பு தூவி ஜாடியில் அடுக்கிய புளி, நிறம் கறுக்குமே தவிர ஓராண்டுக்குக் கெடாது. அரிசிக்கோ வயதாக ஆக மதிப்பு கூடுகிறது. பழைய அரிசிக்குக் கடைக்காரர் கேட்கும் கூடுதல் விலையில், நமக்காக மூட்டையைக் காத்து வைத்திருந்த கூலியும் அடங்கும்.

இந்தக் கையிருப்பின் அருமை வேறொரு மாதத்தில்தான் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. தக்காளியை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. வெங்காயமும் ஆண்டு முழுதும் தாங்காது. பங்குனியில் வாங்கிய புளி வீட்டில் இருந்தால், ஆடியில் தக்காளி இல்லாமலேயே குழம்பு கொதிக்கும்.

விளைச்சலுக்கு அடுத்தது ஊர் வழக்கம். புரட்டாசியில் பலர் அசைவத்தை நிறுத்துவதால் கோழியும் முட்டையும் விலை இறங்குவது வாடிக்கை. கோழிக்குப் புரட்டாசி தெரியாது, அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருக்கும். மீனுக்கு நேர்மாறு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது வஞ்சிரம்தான் வேண்டும் என்பவர் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடி பிறந்ததும் புரட்டாசிக் கோழியைப் போலத்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டு எடுப்பவர் குறைவு, தீபாவளிச் சரக்கு வருமுன் தேங்கியதைக் கழிக்க வேண்டும். காரணம் உண்மையாக இருந்தவரை தள்ளுபடியும் உண்மையாக இருந்தது. இன்றோ ஆடியில் ஜவுளிக்கடைக்குள் நுழைய முடியவில்லை. கேட்பவர் குறையாத மாதத்தில் விலை மட்டும் ஏன் குறையும்? அந்தப் புடவை ஆனியில் என்ன விலைக்குத் தொங்கியது என்று பார்த்து வைத்தவருக்குத்தான் ஆடி விலை மலிவா என்பது விளங்கும்.

ஏசிக்கும் இதே நியாயம். சித்திரையில் பேரம் பேசவும் இடமில்லை, சுவரில் மாட்டித் தர ஆளும் கிடைப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் இரண்டும் எளிது. ஆனால் தேங்கிய சரக்கில் லேபிளின் ஆண்டைப் பார்க்க வேண்டும். மின்சிக்கன நட்சத்திர அளவுகோலை 2022 ஜூலையில் இறுக்கியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நான்காக இறங்கின. வரியும் விலையை மாற்றும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 30,000 ரூபாயாக இருந்த ஏசி 38,400-லிருந்து 35,400-க்கு வந்தது. தங்கத்துக்கு மட்டும் பருவம் கிடையாது. 2024-ல் பலர் தங்கம் வாங்கும் அட்சய திருதியை மே 10-ல் வந்தது. ஜூலை 23-ம் தேதி பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் விலை சரிந்தது. எந்தப் பஞ்சாங்கத்திலும் அந்த நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

மாதச் சம்பளக்காரரிடம் மொத்தப் பணம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி, கடன் வாங்கிப் புளி சேர்ப்பது அசட்டுத்தனம். ‘வட்டியில்லாத் தவணை’ என்பதையும் நம்ப வேண்டாம்: அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கண்டு ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்தது. ஆனால் சரக்கு எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. தையில் அரிசி, மாசியில் பருப்பு, பங்குனியில் புளி, மிளகாய் என்று பிரித்துக்கொள்ளலாம். பட்டாசுக்கும் பலகாரத்துக்கும் ஆண்டு முழுதும் சீட்டுக் கட்டும் ஊரில், மிளகாய்க்கும் சேர்த்துக் கட்டுவது பெரிய காரியமில்லை. சின்ன அடுக்ககத்தில் இடம் எங்கே என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டு பேர் உள்ள வீட்டில் வண்டு விழும் அரிசி மூட்டை நஷ்டமே. புளி, மல்லி, வற்றலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குளிர்பதனக் கிடங்கும் இறக்குமதியும் வந்தபின் பருவ விலை என்று ஒன்று உண்டா என்பது இன்னும் கனமான ஆட்சேபம். குண்டூர் மிளகாய் கிடங்கில் உறங்குகிறது. மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் துவரை கப்பலில் வருகிறது. வித்தியாசம் முன்பைவிடச் சுருங்கியது மெய். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வருஷத்துக்கும் வாங்காமல், அந்த ஆண்டின் விளைச்சலைக் கேட்டறிந்து வாங்குவது நல்லது. 2025 பிப்ரவரியில் ஆந்திர மிளகாய் விலை சரிந்து, குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்ற கணக்கில் மத்திய அரசு சந்தைத் தலையீட்டுக்கு இறங்க நேர்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஜாடி நிறைய வாங்கலாம்.

நம் மலிவு விவசாயியின் நஷ்டம்தானே என்று இங்கே கேட்கலாம். விலை விழுந்தது அவர் தவறுமல்ல, நம் தவறுமல்ல. எல்லார் களத்திலும் ஒரே வாரத்தில் சரக்கு குவிகிறது, வைத்துக் காக்க அவருக்கு இடமில்லை. அந்த வாரத்தில் ஒரு வீடு ஆண்டுத் தேவையை வாங்கினால், வாங்குவோர் மிகக் குறைந்த நேரத்தில் இன்னொருவர் கூடுகிறார். ஐப்பசியில் பாக்கெட் வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் கிடங்குக்காரருக்கும் இடைத்தரகருக்குமே போய்ச் சேர்கிறது. நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை மிளகாயை விளைந்த ஊரிலிருந்தே வரவழைத்துப் பங்கிட்டுக்கொண்டால், மொத்தக் கடை விலையைவிடச் சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும் பாக்கெட் விலையைத் தொடாது.