கறுத்த பச்சை

பச்சை என்றவுடன் நம் உள்ளத்தில் எத்தனையோ நினைவுகள் எழும். மதீனாவின் பச்சைக் குவிமாடம் கண்முன் தோன்றும். சுவனவாசிகள் பச்சைப் பட்டாடை அணிந்திருப்பார்கள் என்று திருமறை கூறுவது (18:31, 76:21) நினைவிற்கு வரும். கிள்ரு (அலை) அவர்கள் வறண்ட வெண்ணிலத்தில் அமர, அது பசுமையாக அசைந்ததால்தான் அவர்களுக்கு அப்பெயர் வந்தது என்னும் நபிமொழியை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். ஆயினும் அரபு இலக்கியத்தில் இன்னொரு பச்சையும் உண்டு. அது ஏறத்தாழக் கறுப்பு. அதனை எனக்கு விளங்க வைத்தவர் என் மாணவர் ஒருவரே.

சூரத்துர் ரஹ்மானில் 64ஆம் வசனம் ஒரே ஒரு சொல்லால் ஆனது. சுவனத்தின் இரு சோலைகளை வருணிக்கும் அச்சொல் 'துஹ்மத்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. துஹ்மத் என்றால் கருமை. கறுப்புக் குதிரையை அரபியர் 'அத்ஹம்' என்பதும் இதனாலேயே. அச்சொல்லுக்கு மாணவர்கள் 'கரும்பச்சை' என்று பொருள் எழுத வேண்டும் என்பது என் வழக்கம்.

ஒரு தேர்வில் அந்த மாணவர், 'கறுத்து நிற்கும் இரு சோலைகள்' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அடித்தேன். "சுவனச் சோலை கறுப்பாகவா இருக்கும் தம்பி?" என்று வகுப்பில் கேட்டும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலைகுனிந்து நின்றார்.

பாடம் முடிந்தபின் தயங்கியபடி வந்தார். தஞ்சை மாவட்டத்துக் குத்தகை விவசாயி ஒருவரின் மகன் அவர். "ஹஜ்ரத், நடவு முடிஞ்சு தண்ணி நல்லாப் பாஞ்சிருந்தா, பயிரு கருகருன்னு நிக்குதுன்னு எங்க அத்தா சொல்வாங்க. தண்ணி இல்லேன்னா வெளுத்துப்போச்சும்பாங்க. அதை நினைச்சுத்தான் எழுதினேன்" என்றார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிரவு நூல்களைப் புரட்டினேன்.

யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் பாயும் தென் இராக்கின் வளநிலத்திற்கு அரபியர் இட்ட பெயர் 'ஸவாத்'. ஹஜருல் அஸ்வத் என்பதில் உள்ள 'அஸ்வத்' பிறந்த அதே வேர், பொருள், கருமை. 1229இல் மறைந்த நிலநூல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ இதற்குக் காரணம் கூறுகிறார்: பயிரும் மரமும் இல்லாத பாலையிலிருந்து வந்தவர்களுக்கு, அங்கிருந்த பேரீச்சந் தோப்புகளும் விளைநிலங்களும் கறுப்பாகத் தோன்றின. பச்சையைக் கறுப்பென்றும், கறுப்பைப் பச்சையென்றும் சொல்வது அரபியர் மரபு என்றும் அவர் எழுதுகிறார்.

மறுபுறமும் சான்று உண்டு. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் வந்த படைப்பிரிவைப் 'பச்சைப் படை' என்று வரலாற்று நூல்கள் கூறும். அவர்கள் பச்சை ஆடை அணிந்திருந்ததால் வந்த பெயரன்று அது. உடலெல்லாம் இரும்புக் கவசம் மூடியிருந்ததால் வந்த பெயர். இரும்பின் கருமையே அங்கே பச்சை எனப்பட்டது.

இது நிறம் அறியாமையா? அன்று. இலைகள் அடர்ந்து, நீரும் நிறைந்தால் சோலையினுள் ஒளி குறைகிறது. தொலைவிலிருந்து காண்போருக்கு அது கறுத்தே தெரியும். மணல்வெளியில் நாட்கணக்கில் நடந்தவனுக்கு அடிவானத்தில் தெரியும் அந்தக் கறுத்த கோடுதான் தண்ணீர், அதுவே உயிர். திருமறையில் இதனையடுத்து 66ஆம் வசனம் பொங்கிப் பாயும் இரு ஊற்றுகளைக் கூறுகிறது. கருமைக்குக் காரணம் அங்கே இருக்கிறது!

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் (ஆட்சி 634–644) ஸவாத் நிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிட மறுத்து, பின்வரும் தலைமுறைகளுக்கும் பயன்படுமாறு வரி நிலமாக நிறுத்தினார்கள். அந்தக் கறுத்த பச்சையின் அருமையை உணர்ந்தோர் அவர்கள்.

'கரும்பச்சை' என்னும் மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆனால் அது நிறத்தை மட்டுமே சொல்கிறது. நீரின் செழிப்பைச் சொல்லவில்லை. 'கருகருவென்று' என்னும் நம் உழவரின் சொல் இரண்டையும் சொல்லிவிடுகிறது. அகராதியில் நான் தேடியதை அம்மாணவர் தம் தந்தையின் வயல் வரப்பில் பெற்றிருந்தார்.

மறுநாள் வகுப்பில் அந்த விடைத்தாளை எடுத்து, அடித்ததைத் திருத்தி, முழு மதிப்பெண் இட்டேன். "நேற்றுத் தவறியவன் நான்தான்" என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். சபையில் ஒருவரைச் சிறுமைப்படுத்திவிட்டுத் தனிமையில் வருந்துவது நீதியாகாது அல்லவா?

பெற்றோரே, திருமறையின் பொருளைப் பிள்ளைகள் தம் வீட்டுச் சொல்லில் கூறும்போது உடனே நகைத்துவிடாதீர்கள். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். ஓதும் சொற்களின் பொருளை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.