வாக்கைத் தடுத்தால் கேட்கலாம்



1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் தாத்தா பாட்டிமார் போட்ட வாக்கால் இலங்கை இந்தியன் காங்கிரசின் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். பதுளையிலும் ஒருவர் வென்றார். அடுத்து 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தன. நம்மவர் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. 1952இல் நம்மவர் ஒருவரும் தெரிவாகவில்லை. இதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

ஆனால் கேட்டால் பதில் கிடைப்பதும் உண்டு. 1998இல் ஊவா உட்பட 5 மாகாண சபைகளின் தேர்தலை அவசரகாலச் சட்டத்தைக் காட்டி நிறுத்தினார்கள். வாக்காளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். வாக்களிப்பதும் கருத்துச் சொல்லும் உரிமைதான் என்று 1999 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஏப்ரலில் தேர்தலும் நடந்தது.

ஆகவே இடாப்பில் வீட்டார் எல்லார் பேரும் இருக்கா என்று கிராம சேவகரிடம் வருஷா வருஷம் பாருங்கள். பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க லீவு வேணும் என்று எழுதிக் கேட்டால், குறைந்தது 4 மணித்தியாலம் சம்பளத்தோடு தரவேண்டும். அதுக்காக அரைப் பேர் போடக்கூடாது. யாராவது மறுத்தால், மிரட்டினால், நாள், நேரம், ஆள் பேரைக் குறித்துத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். சும்மா இருந்துவிடாதீர்கள்.