ஸ்லிங்கா, கேரியரா? குழந்தையைச் சுமக்கும் முன் அறிய வேண்டியவை

குழந்தை பிறக்கவிருக்கும் வீடுகளில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் தொட்டில், கொசுவலை, பால்புட்டி ஆகியவற்றோடு அண்மைக் காலமாக மற்றொரு பொருளும் சேர்ந்துள்ளது. குழந்தையை உடலோடு அணைத்துச் சுமக்க உதவும் சாதனமே அது. கடைகளில் இது ‘ஸ்லிங்’ என்றும் ‘கேரியர்’ என்றும் இரண்டு பெயர்களில் கிடைக்கிறது. விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது. இவற்றுள் எதை வாங்குவது என்ற கேள்விக்கு நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து விடை கூற இயலாது. குழந்தையின் மூச்சு, அதன் இடுப்பு மூட்டு, சுமப்பவரின் முதுகு ஆகிய மூன்றும் இந்தத் தேர்வோடு தொடர்புடையவை.

பழைய வழக்கம், புதிய வடிவம்

குழந்தையைத் துணியால் உடலோடு கட்டிச் சுமப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. மேகாலயத்தின் காசி மலைகளிலும், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், மிசோரம் ஆகிய மாநிலங்களிலும் தாய்மார் நெய்த துணியால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் செல்வதை இன்றும் காணலாம். சமவெளிப் பகுதிகளில் குழந்தையை இடுப்பில் அமர்த்திக்கொள்ளும் பழக்கமே மிகுதி. இன்று கடையில் விற்கும் சாதனங்கள் இத்தகைய பழைய வழக்கங்களிலிருந்து பிறந்தவையே. 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய ஆன் மூர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அந்நாட்டுத் தாய்மார் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிச் சுமப்பதைக் கண்டார். தாயகம் திரும்பியபின் தம் மகளுக்காகத் தோள்வார் வைத்த மென்துணிப் பை ஒன்றைத் தம் தாயின் உதவியுடன் உருவாக்கினார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய கேரியர்களின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. இரண்டு வளையங்களில் துணியைக் கோத்து இறுக்கும் ஸ்லிங் 1980களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவில் உருவானது.

சுமப்பதால் விளையும் நன்மை குறித்து ஆய்வும் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரில் நடைபெற்று 1986இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாள்தோறும் கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. எனினும், ஏற்கெனவே வயிற்றுவலியால் விடாது அழும் குழந்தைகளிடம் இப்பயன் காணப்படவில்லை என்று பின்னர் 1991இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆகவே, சுமத்தல் நல்லதொரு துணையே தவிர மருந்தன்று.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஸ்லிங் என்பது பெரும்பாலும் ஒரே துணி. ஒரு தோளில் மாட்டி வளையத்தால் இறுக்கும் வகை, உடலைச் சுற்றிப் பல மடிப்புகளாகக் கட்டும் நீண்ட துணி வகை, இறுக்க வசதியற்ற பை வகை என இது பலவாறு கிடைக்கிறது. துணியைச் சுமப்பவரே தம் கையால் இழுத்துச் சரிசெய்வதால், சிறு குழந்தையின் உடலோடு அது நன்கு படியும். மடித்தால் கைப்பையில் அடங்கும், எளிதில் துவைக்கலாம், பாலூட்டவும் ஏற்றது. ஆனால் கட்டும் முறையைப் பழகியே ஆக வேண்டும். ஒரு தோள் ஸ்லிங்கில் எடை முழுவதும் ஒரே பக்கம் இறங்குவதால், குழந்தை வளர வளரத் தோளும் கழுத்தும் வலிக்கத் தொடங்கும்.

கேரியர் என்பது தைத்து உருவாக்கப்பட்ட சாதனம். இரண்டு தோள்வார்கள், அகன்ற இடைவார், பக்கிள்கள், குழந்தையின் முதுகைத் தாங்கும் பஞ்சு வைத்த பகுதி ஆகியன இதில் உள்ளன. எடையின் பெரும்பகுதி சுமப்பவரின் இடுப்புக்கு இறங்குவதால் நீண்ட நேரம் சுமக்கலாம். மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. தாய், தந்தை, தாத்தா என யார் அணிந்தாலும் வார்களின் நீளத்தை மாற்றிக்கொள்ள முடியும். குறைகளும் உண்டு. துணியும் பஞ்சும் மிகுதி என்பதால் வெப்பம் கூடும். பிறந்த குழந்தைக்குப் பல கேரியர்கள் அகலமாக இருக்கும். அவற்றில் தனி உள்மெத்தை தேவைப்படும். அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற தாய்க்கு இடைவார் தையலின்மீது அழுத்தக்கூடும். காயம் ஆறி, மருத்துவர் இசைவு தரும் வரை காத்திருப்பதே முறை.

முதலில் மூச்சு

இத்தேர்வில் மிக முக்கியமானது குழந்தையின் மூச்சு. முதல் சில மாதங்களில் குழந்தையின் கழுத்துத் தசைகள் வலுவற்றவை. பை போன்ற தளர்ந்த துணிக்குள் குழந்தை சுருண்டு கிடந்தால், அதன் தாடை மார்பில் அழுந்தி மூச்சுக்குழல் மடங்கும். துணி மூக்கையும் வாயையும் மூடினாலோ ஓரிரு நிமிடங்களிலேயே மூச்சு முட்டிவிடும். இந்நிலையில் குழந்தையால் அழவும் இயலாது. அது அமைதியாக உறங்குவதாகவே பெரியவர்கள் எண்ணிவிடுவார்கள். ஆபத்தின் தன்மையே இதுதான்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாகக் குறைந்தது 14 மரணங்கள் பதிவாகியிருப்பதாகவும், அவற்றுள் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிறையாதவர்கள் என்றும் தெரிவித்தது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், இரட்டையர், சளி பிடித்திருக்கும் குழந்தைகள் ஆகியோரின் பெற்றோர், மருத்துவரைக் கேட்காமல் ஸ்லிங்கைப் பயன்படுத்தலாகாது என்றும் அது அறிவுறுத்தியது.

இதனால் ஸ்லிங்கையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எதைப் பயன்படுத்தினாலும் ஐந்து விதிகளைக் கைக்கொள்ளுமாறு வல்லுநர்கள் கூறுகின்றனர்.

ஒன்று, துணி இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் குழந்தை சரிந்து சுருளும். இரண்டு, குனிந்து பார்த்தாலே குழந்தையின் முகம் தெரிய வேண்டும். துணி முகத்தை மூடக் கூடாது. மூன்று, தலையைச் சற்றுத் தாழ்த்தினால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். நான்கு, தாடைக்கும் மார்புக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி எப்போதும் வேண்டும். ஐந்து, குழந்தையின் முதுகு நன்கு தாங்கப்பட்டு, அதன் வயிறும் மார்பும் சுமப்பவரின் உடலோடு பொருந்தியிருக்க வேண்டும்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் ஸ்லிங்கில் படுக்கவைத்தால் இவ்விதிகள் எளிதில் மீறப்படும். நிமிர்ந்த நிலையே பாதுகாப்பானது. பாலூட்டும்போது தாழ்த்தியிருந்தால், ஊட்டி முடித்தவுடன் குழந்தையை மீண்டும் நிமிர்த்திவிட வேண்டும். துணியை இறுக்கிச் சரிசெய்ய வழியில்லாத பை வகையைப் பச்சிளங்குழந்தைக்குத் தவிர்ப்பது நல்லது.

இடுப்பு மூட்டைக் காப்பது

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு முதல் மாதங்களில் முழுமையாக உறுதிப்படுவதில்லை. கால்கள் நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து தொங்கும் நிலை அதற்கு உகந்ததன்று. தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை துணி தாங்க வேண்டும். முன்னிருந்து பார்த்தால் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவம் தோன்றும். இடுப்பில் அமர்த்தப்பட்ட குழந்தை இயல்பாகவே ஏறத்தாழ இப்படித்தான் அமர்கிறது.

மலிவான சில கேரியர்களில் இருக்கைப் பகுதி குறுகலாக இருப்பதால், குழந்தையின் எடை கவட்டில் மட்டும் தாங்கப்பட்டுக் கால்கள் தொங்கும். வாங்கும் முன் இருக்கையின் அகலத்தைப் பார்ப்பது இதனால்தான். அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ளதாயின் குழந்தை வளரும்போதும் அது பொருந்தும். குழந்தையை வெளிநோக்கி அமர்த்துவதாயின், கழுத்து நன்கு நின்ற பின்னரே, அதுவும் சிறிது நேரமே அமர்த்தலாம். உறக்கம் வந்ததும் உள்நோக்கித் திருப்பிவிட வேண்டும்.

எந்தப் பருவத்துக்கு எது?

முதல் மூன்று, நான்கு மாதங்களில் உடலோடு படியும் சுற்றுத்துணியோ வளைய ஸ்லிங்கோ, சரியாகக் கட்டத் தெரிந்தவருக்கு நன்கு பயன்படும். கட்டும் முறையில் ஐயம் உள்ளவர்கள், பிறந்த குழந்தையின் எடைக்கு உரியதெனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள கேரியரைத் தேர்வது நன்று. எந்தச் சாதனத்திலும் குறைந்தபட்ச, அதிகபட்ச எடை அச்சிடப்பட்டிருக்கும். வயதைவிட அந்த எடையே முதன்மையான அளவுகோல்.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய ‘கங்காரு தாய்ப் பராமரிப்பு’ முறைக்கு நம் மத்திய அரசு 2014இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இம்முறையில் குழந்தை தாயின் மார்போடு தோலும் தோலும் படுமாறு அணைக்கப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியதால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனைப் பணியாளர்களின் மேற்பார்வையில் கற்பிக்கப்படும் இம்முறைக்குக் கடையில் வாங்கிய ஸ்லிங் மாற்றாகாது.

ஆறு மாதத்தையொட்டிக் குழந்தை உட்காரத் தொடங்கும். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்பும் பருவமும் பெரும்பாலும் அதுவே. குழந்தையைச் சுமக்கும் பொறுப்பு தந்தைக்கும் பாட்டிக்கும் பகிரப்படும்போது, பலரும் எளிதில் மாட்டக்கூடிய கேரியர் வசதியாக அமைகிறது. நடை பழகிய குழந்தையை அவ்வப்போது தூக்கி இறக்குவதற்கு வளைய ஸ்லிங் மீண்டும் கைகொடுக்கும். பாட்டி, தாத்தாவுக்கு முதுகுவலி இருப்பின் வாங்கும் முன் அவர்களையும் அணிந்து பார்க்கச் செய்யுங்கள்.

வெயிலும் வீதியும்

நம் நாட்டின் வெயிலில் சாதனத்தின் ஒவ்வொரு துணி மடிப்பையும் ஓர் ஆடையாகவே கணக்கிட வேண்டும். மெல்லிய பருத்தி அல்லது லினன் துணி ஏற்றது. குழந்தைக்கு ஒரே மெல்லிய சட்டை போதும். பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்வையோ மிகுந்த சூடோ தென்பட்டால் உடனே வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். குழந்தையைச் சுமந்தபடி அடுப்பருகே நிற்பதும், சூடான தேநீர் அருந்துவதும் கூடா. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல், குழந்தையை ஒரு கையால் அணைத்து முழங்காலை மடக்கி அமருங்கள்.

கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் செல்வதை எல்லா நகரங்களிலும் காண்கிறோம். கேரியர் விபத்திலிருந்து காக்கும் சாதனம் அன்று. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குப்பின் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லும்போது, ஓட்டுநரோடு குழந்தையை இணைக்கும் தனிப் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் கச்சையின் இடத்தைக் கேரியர் நிரப்பாது. தலைக்கவசத்தைத் தாங்க இயலாத கைக்குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றாதிருப்பதே அறிவுடைமை. காரில் செல்லும்போதும் குழந்தைக்குரிய தனி இருக்கையே பாதுகாப்பு.

வாங்கும்போது கவனிக்க

தையல் இரட்டையாக உள்ளதா, வளையம் ஒட்டுவாயின்றி உறுதியாக உள்ளதா, பக்கிள் மாட்டும்போது ஓசையோடு பொருந்துகிறதா என்று கையால் சோதித்துப் பாருங்கள். எடை வரம்பும் பயன்படுத்தும் முறையும் அச்சிடப்படாத பொருளை வாங்காதீர்கள். இணையத்தில் வாங்குவதாயின் திருப்பி அனுப்பும் காலவரம்பை முதலில் படித்து, பொருள் வந்த அன்றே குழந்தையின்றி ஒரு முறையும், அதே எடையுள்ள அரிசிப் பையை வைத்து ஒரு முறையும் அணிந்து பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறையுள்ள பொருளை விற்பனையாளர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். உறவினர் பயன்படுத்தித் தந்ததாயினும் தையலையும் பக்கிளையும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே குழந்தையை அதில் அமர்த்துங்கள்.

விலை உயர்ந்தது பாதுகாப்பானது என்ற எண்ணம் சரியன்று. சரியாகக் கட்டிய எளிய பருத்தி ஸ்லிங், தவறாக மாட்டிய விலையுயர்ந்த கேரியரைவிட மேலானது. நாளில் சிறிது நேரம் வீட்டிற்குள் சுமக்கவும் பாலூட்டவும் ஸ்லிங் போதும். நீண்ட நேரம் நடக்கவும், பலர் மாறிமாறிச் சுமக்கவும் கேரியர் ஏற்றது. இரண்டில் எதை வாங்கினாலும், வெளியே புறப்படும் முன் குழந்தையின் முகம் தெரிகிறதா, தாடையின்கீழ் விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.